வளைவுக்கு வேர் வேண்டும்

செப்டம்பர் 9, செவ்வாய்

வளையப் போகிறது, நம்ம கருங்காலி ஓடை வளையப் போகிறது, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இரண்டு சிமெண்டுச் சுவருக்கு நடுவில் கிடந்த ஓடையைத் திரும்ப அதன் பழைய வழியில் விடப் போகிறார்கள், ஆர்டர் வந்துவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் வேலையாக இருந்தபோதுதான் ஜெசிந்தா அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ராணி, கையெழுத்து ஆயிட்டு. மொத கட்டமா ஒரே ஒரு வளைவு, கீழத்தெரு கடைசியில. உன் ரசிகர் மன்றத்துக்குச் சொல்லிரு." எதிரே ஒருவர் ஆதார் கார்டுக்கு ஒரு காப்பி கேட்டு நின்றார். எத்தனை அடித்தேன் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாவம்.

ஜெசிந்தா அக்கா தூத்துக்குடிக்காரர். நேராக்கப்பட்ட ஓடைகளையும் ஆறுகளையும் பழையபடி ஓட வைக்கிற ஓர் அறக்கட்டளையில் இன்ஜினியர். அவர் போன வருசம் எங்கள் ஊர் ஓடையை அளக்க வந்தபோது, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். நான் ஓடினேன். இன்னும் விடவில்லை.

மற்றவர்களுக்குக் கிரிக்கெட், எனக்கு இது. எங்கோ ஒரு நாட்டில் பழைய தடுப்பணையை உடைத்ததும் மீன்கள் மேலே ஏறிப் போகிற வீடியோவைத் தற்செயலாகப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. சாட்டிலைட் படத்தில் பழைய ஓடைத் தடத்தைக் கண்டுபிடிக்க நானே கற்றுக்கொண்டேன். 'வளைஞ்சு ஓடு' என்று ஒரு பேஜ் வைத்திருக்கிறேன். படித்தது தபாலில் பி.காம்.

அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன்.

"வளையட்டும்டி. நீ மொதல்ல இந்த எலைய நனைச்சு வையி. காஞ்சு கெடக்கு."

செப்டம்பர் 14, ஞாயிறு

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். எதிர்பார்த்தபடியே கோமதிநாயகம் மாமா எழுந்தார். மாமா என்றால் சொந்தம் இல்லை, என்னோடு பள்ளிக்கூடம் படித்த அனுசுயாவின் அப்பா. கொத்தனார். அந்தச் சிமெண்டுச் சுவரைக் கட்டியதில் அவரும் ஒருவர். அவர் வீடு கீழத்தெருவில் கடைசி வீடு. ஓடை இப்போது வளையப் போகும் இடத்துக்கு நேர் பின்னால்.

"எம்மா, இந்தச் சொவத்துக்கு ரசமட்டம் பிடிச்சது நானு. இன்னைக்கு வரைக்கும் ஒரு வெடிப்பு காட்டுங்க பாப்போம். நேரா இருக்கத வளைக்கதுக்குன்னு காலேஜுல தனியாச் சொல்லிக்குடுக்காங்களாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தா அக்காவும் சிரித்தார்.

"சொவத்துல கொறை இல்ல அண்ணாச்சி. ஓடைக்குத்தான் அது ஒத்துக்கிடல. மழ பெஞ்சா அம்புட்டுத் தண்ணியும் நிக்காம ஓடிக் கீழ ஊருக்குள்ள பூந்துருது. தை மாசம் வந்தா நம்ம கெணத்துல வாளி தட்டுது. வளைஞ்சு மெதுவாப் போனாத்தான் மண்ணு குடிக்கும்."

"மண்ணு குடிக்கது சரி. வளைஞ்ச தண்ணி எங்க வீட்டக் குடிச்சிட்டா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். அக்கா முந்திக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாம் வெளிப்பக்கம் சாய்வார்கள் இல்லையா, தண்ணீரும் அப்படித்தான், வெளிக்கரையைத்தான் அறுக்கும். அதனால் வெளிக்கரையில் பெரிய மரங்களின் அடிக்கட்டையை வேரோடு பதிப்பார்கள். தண்டு கரைக்குள், வேர் தண்ணீரைப் பார்த்து. வருகிற வேகத்தை அந்த வேர்ப்பின்னல் வாங்கிக்கொள்ளும். பின்னால் கரையில் நொச்சியும் வெட்டிவேரும் நடுவார்கள். கட்டை மக்குவதற்குள் அவை வளர்ந்து கரையைப் பிடித்துக்கொள்ளும்.

"செத்த மரத்து வேரா எங்க வீட்டத் தாங்கும்? எனக்கு அதப் பாத்தாலே ஆகாது. கொண்டு வந்து போட்டா, பிடுங்கி எறிஞ்சுட்டுத்தான் மறுவேல."

முழுவதையும் வீடியோ எடுத்தேன். நல்ல கன்டென்ட்.

செப்டம்பர் 27, சனி

சுவர் விழுந்தது. லைவ் போட்டேன். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிற முப்பிடாதி அண்ணன் வாளியை மேலே தூக்கி எனக்காக ஒரு நிமிடம் அப்படியே நிறுத்தினார். "போஸு போதுமா தங்கச்சி, டீசல் எரியுது."

கோமதிநாயகம் மாமா கொல்லையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவர் அவ்வளவு லேசில் உடையவில்லை. வாளியில் இரண்டு பல் தேய்ந்துபோனது என்று முப்பிடாதி அண்ணன் சொன்னபோது மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

வளைவைத் தோண்டியாயிற்று. அதன் வாயில் ஒரு மண்வரப்பு போட்டுத் தண்ணீரை இப்போதைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லா வேலையும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். பெருந்தண்ணி வந்தால் அந்த வரப்பு நிற்காது.

அக்டோபர் 4, சனி

வேர்கள் வந்துவிட்டன.

நாலுவழிச் சாலைக்காகச் சாய்த்த புளியமரங்களின் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டோ அளவு. முப்பிடாதி அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிக்கரையில் வைக்க, அக்கா கையைக் காட்டிக் காட்டித் திருப்பினார். முடிந்தபோது கரை முழுக்க விரித்த கைகள் மாதிரி இருந்தது. நான் அழவில்லை, தூசி.

இனி தண்டுகளின் மேல் கல் அடுக்கி மண்ணை இறுக்க வேண்டும். அதற்கு அனுமதி வாங்க அக்கா சென்னைக்குப் போகிறார். போகும்போது, வளைவுக்குப் பக்கத்தில் வேலைச் சாமான் வைத்திருக்கும் செட்டின் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இப்போதைக்குக் கட்டை சும்மாதான் உக்காந்துருக்கு. யாரும் அசைக்காமப் பாத்துக்கோ ராணி."

சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மா கேட்டார்: "என்னட்டி, அரமனைச் சாவியா?"

அக்டோபர் 7, செவ்வாய்

தீபாவளி ஆர்டர். இரண்டு சுளகு நிறையப் பீடிக்கு நூல் கட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

அக்கா திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓடையைச் சுத்தம் செய்ய அழைப்புப் போட்டுவிட்டேன். பாலத்துக்குக் கீழே கிடக்கும் பிளாஸ்டிக், பழைய மெத்தை, இறைச்சிக் கழிவு எல்லாம் போகட்டும். போஸ்டரில் பெரிய எழுத்தில்: 'நம் ஓடையில் ஒரு துரும்பும் மிஞ்சக் கூடாது.'

மூன்று காலேஜிலிருந்து பதில். ஒரு குரூப் மரம் அறுக்கும் மெஷினும் கொண்டு வருகிறார்களாம், சீமைக்கருவேலத்துக்கு. எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கூட்டத்தை நான் கூப்பிட்டதில்லை. பாலத்தின் மேலும் கீழும் பச்சைச் சட்டை. நான் காலையிலிருந்து பாலத்திலேயே லைவ். ஒரு மெத்தையை எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கமெண்ட் பிய்த்துக்கொண்டு போனது.

கூட்டம் பெருகியதும் ஒரு பகுதியைக் கீழத்தெருப் பக்கம் அனுப்பினேன். கோமதிநாயகம் மாமாவே தன் டிராக்டரைக் கொடுத்திருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். எதிர்த்தவரே மாறிவிட்டார் என்று அதையும் லைவில் சொன்னேன்.

மெசேஜ் மேல் மெசேஜ். படம் அனுப்பி, இதை எடுக்கவா, அதை எடுக்கவா என்று. லைவை விட்டுவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியுமா? எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

'முன்', 'பின்' படம் வைரல். யாரோ ஒரு நடிகரின் ரசிகர் மன்றம்கூடப் பகிர்ந்திருக்கிறது.

கடைக்குப் போகும் வழியில் வளைவைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தம்.

கடையில் டோனர் தீர்ந்துவிட்டது. போனிலும் இடம் இல்லை, பழைய மெசேஜ்கள் சிலவற்றை அழித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அக்கா வந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வளைவுக்குப் போயிருக்கிறார். நான் போனபோது வெளிக்கரையில் உட்கார்ந்திருந்தார், பையைக்கூட தோளிலிருந்து இறக்காமல். கட்டைகள் இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள். டிராக்டர் சக்கரத் தடம். மரத்தூள்.

"எங்க போச்சு?" என்றார்.

முப்பிடாதி அண்ணன்தான் பதில் சொன்னார். "ஞாத்துக்கெழம வந்த பிள்ளைகதான் கட்டைய அறுத்து இழுத்துருக்காங்க மேடம். எல்லாம் செங்கச்சூளைக்குப் போயிட்டு. அண்ணாச்சியோட மச்சினன் சூளை. பாதி எரிஞ்சிருக்கும்."

"அவங்களா எடுக்க மாட்டாங்க. யாரோ எடுக்கச் சொல்லிருக்காங்க. யாரு?"

"தெரியல மேடம். டிராக்டரும் சங்கிலியும் கோமதிநாயகம் அண்ணாச்சியோடது. பிடுங்கி எறிவேன்னு கூட்டத்துலயே சொன்ன ஆளு அவரு."

அக்கா என்னைப் பார்த்தார். "ராணி, நீ அன்னைக்கு எங்க இருந்த?"

"பாலத்துல, அக்கா."

அது உண்மைதான். என் செருப்பு வார் அறுந்திருந்தது. குனிந்து சரி செய்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

என்ன நடந்தது, வேர்கள் எங்கே என்று பேஜில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிறு அன்று யாரோ அனுப்பிய வீடியோத் துண்டு ஒன்றைப் போட்டேன். டிராக்டர் பக்கத்தில் சங்கிலியோடு மாமா நிற்கிறார். நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வீடியோ மட்டும்.

மத்தியானத்துக்குள் எழுத வேண்டியதை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். செப்டம்பர் கூட்டத்து வீடியோவையும் தேடி எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஓடைத் திருடன். சூளைக்கு விற்றவன். ஒருவர் வீட்டு அடையாளத்தையே போட்டிருந்தார். அதை மட்டும் நீக்கினேன்.

அனுசுயா திருப்பூரிலிருந்து போன் அடித்தாள். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாள்: 'எங்கப்பா டீக்கடைக்குப் போகல. உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லு ராணி.'

சாயங்காலம் ஒரு சின்ன மழை. ஓடையில் முழங்கால் தண்ணீர்தான், வரப்பில் கசிந்து வளைவுக்குள் கொஞ்சம் வந்திருக்கிறது. அதற்கே மாமா வீட்டு முருங்கை கரையோடு சரிந்துவிட்டதாம். அம்மா சொன்னார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அக்டோபர் 16, வியாழன்

கடலில் தாழ்வு மண்டலம். ஞாயிற்றுக்கிழமை மலையில் கனமழை என்கிறார்கள். நானும் எனக்குத் தெரிந்த எல்லா மேப்பையும் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாம் அதையேதான் சொல்கின்றன.

அக்கா செட்டுக்கு முன்னால் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மண்வெட்டிகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மூடிருங்கம்மா. தோண்டுன மண்ண அப்படியே தள்ளிருங்க" என்றார் மாமா.

"நாளான்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வேற வேரு கெடைக்கலன்னா மூடிருதேன். மூடுனா இந்த வளைவு அவ்வளவுதான், திரும்பத் தோண்ட யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க." என்றார் அக்கா. "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. புதுசாக் கொட்டுன மண்ணு பெருந்தண்ணிக்கு நிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். வேரு இருந்தாக் குடுப்பேன்."

மாமா தன் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நேத்து முருங்க போனதப் பாத்தேன். வேரு இருந்த பக்கம் நின்னுச்சு, இல்லாத பக்கம் கழண்டுச்சு." பிறகு, "டீக்கடையில என்னத் திருடன்னு சொல்லுதானுவ" என்றார்.

"நீங்க சொல்லலன்னா, யாரு சொன்னான்னு சொல்லுங்களேன்."

"மழ வரட்டும்மா. மொதல்ல அதப் பாப்போம்."

அவர் செட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி, காலை

மாமா வீட்டுக்குப் போனேன். அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை தையல் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

"வா ராணி. படம் எடுக்கவா? சட்டைய மாத்திட்டு வரட்டா?"

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "மாமா, அன்னைக்கு அந்தப் பிள்ளைகள்ட்ட நீங்களா எடுக்கச் சொன்னீங்க?"

மூட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சுவர் தூக்குநூலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"யாருல எடுக்கச் சொன்னதுன்னு நானும் கேட்டேன். ஒரு பையன் போனக் காட்டுனான். கட்டையோட படம். அதுக்குக் கீழ ஒரு கட்டவெரலு. மேல உன் மூஞ்சி, சிரிச்சுக்கிட்டு."



"பொறவு ஏன் மாமா யார்ட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அந்த வேரு போனா எனக்குச் சந்தோசம்லா. அதான் டிராக்டரு குடுத்தேன். நீ வெரலக் குடுத்த, நான் சங்கிலியக் குடுத்தேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணுதான்." இன்னொரு மூட்டையைக் குனிந்து பிடித்தார். "ஆனா வீடியோ போட்டியே, அதுல நான் மட்டும்லா நிக்கேன். உன்னக் காணுமே."

மூட்டையின் மறுமுனையை நான் பிடித்தேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி, சாயங்காலம்

முதலில் ஜெசிந்தா அக்காவிடம் சொன்னேன். போனில் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு நடந்தே போனேன். நான் முடிக்கும்வரை கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"நான் சாவியக் குடுத்தது உன்கிட்ட."

"ஆமாக்கா."

"முப்பிடாதிட்ட குடுத்துரு."

செட்டு வாசலில் நின்ற முப்பிடாதி அண்ணனிடம் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா எழுந்தார். "மிச்சத்தப் பொறவு பேசுவோம். உன் பேஜுல எத்தன பேரு உசுரோட இருக்காங்க? ஞாத்துக்கெழம மாதிரி வருவாங்களா?"

"தெரியலக்கா. திட்டுவாங்க."

"திட்டிக்கிட்டே வரட்டும்."

சூளையில் எரியாமல் கிடந்த கட்டைகளை மாமாவின் மச்சினன் திருப்பித் தருகிறார். அது போதாது. நாலுவழிச் சாலை ஓரத்தில் இன்னும் புளியமர அடிக்கட்டைகள் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ள அக்கா பேசி முடித்துவிட்டார். வாங்கி வைத்த கல்லும் நாளைக்கு வருகிறது. ஓடைப் பாதை சேறாகிவிட்டதால் டிராக்டர் அந்தப் பக்கம் இறங்காது. ஒரே வழி கோமதிநாயகம் மாமாவின் கொல்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து சுத்தியல் சத்தம் கேட்கிறது. தன் காம்பவுண்டுச் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்த முப்பிடாதி அண்ணன் சொன்னார்: "நான் மெஷின வச்சு ஒரு தட்டுல தள்ளுதேன்னேன். ஏங் கையால வச்ச கல்ல நாந்தான் எடுப்பேங்காரு."

அம்மா கேட்டார், "எல்லாத்தையும் போடப் போறியா?"

"ஆமா."

"போடு. போட்டுட்டு வந்து சாப்பிடு."

இனி பேஜில் இருக்கிற உங்களுக்கு.

மேலே இருப்பது என் டைரி. ஒரு வரியும் மாற்றாமல் போடுகிறேன். 13ஆம் தேதி நான் அழித்தது பழைய மெசேஜ்கள் அல்ல, ஒரே ஒரு மெசேஜ். 'அக்கா, இந்தக் கட்டைகளையும் எடுத்துடலாமா?' அதற்குக் கீழே என் கட்டைவிரல். கேட்ட தம்பி சரியாகத்தான் கேட்டான். கோமதிநாயகம் மாமா எந்த வேரையும் எடுக்கச் சொல்லவில்லை. வேரைத் திருடியவர் என்று யாரும் இல்லை. நான் படத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவும் அதுதான்.

நாளை சனிக்கிழமை விடிந்ததும் கீழத்தெரு கடைசி வீட்டுக்கு வாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் போகும் வழியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போங்கள். சுத்தம் செய்ய யாரும் வர வேண்டாம். துடைப்பம், சாக்கு, பச்சைச் சட்டை எதுவும் வேண்டாம். டிராக்டர் இருந்தால் டிராக்டர், சங்கிலி இருந்தால் சங்கிலி, இல்லையென்றால் கல் தூக்கக் கை. உங்கள் தோட்டத்தில் சாய்ந்த மரம் கிடந்தால் அறுக்காமல் வேரோடு. ஜெசிந்தா அக்கா சொல்கிற இடத்தில், சொல்கிற பக்கம் பார்த்து வைக்க வேண்டும். நான் கல் தூக்குவேன். லைவ் இருக்காது.

மாமாவின் வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள், அன்றைக்கு எந்தெந்த குரூப்பில் போட்டீர்களோ அந்தந்த குரூப்பில். என்னைத் திட்ட வேண்டியவர்கள் கீழே திட்டலாம், நீக்க மாட்டேன். வருகிறவர்கள் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கப் போகிறேன்.

கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள்.